உள்ளங்கையில் ஒரு தீயணைப்பு வண்டி

புனே கோத்ரூடில் பாவ்சாகேப் ஜோஷி உருவாக்கிய குட்டி ரயில் அருங்காட்சியகம் 1998 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. சிறு வண்டிகளையும் வரலாறாகப் பார்க்கலாம் என்பதை இந்த ஊருக்குக் காட்டிய இடம் அது. அந்த மரியாதை, மோட்டார் தீயணைப்பு வண்டிகளின் முதல் தலைமுறையைச் சின்னதாக வார்த்தெடுத்த 'டை காஸ்ட்' மாதிரிகளுக்கும் கிடைக்க வேண்டும்.

'மேட்ச்பாக்ஸ்' பெயரில் லண்டனின் லெஸ்னி நிறுவனம் வெளியிட்ட இரண்டு மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1960-ல் வந்தது ஷாண்ட் மேசன் தீயணைப்பு வண்டி: முன்னால் குதிரைகள், பின்னால் நீராவிக் கொதிகலன். 1977-ல் வந்தது, 1920-ஆம் ஆண்டின் ரோல்ஸ் ராய்ஸ் தீயணைப்பு வண்டி. அதில் குதிரையும் இல்லை, கொதிகலனும் இல்லை. சிவப்பு உடலின் மேல் ஒரு ஏணி.

இந்த இரண்டுக்கும் நடுவே நடந்தது சாதாரண மாற்றம் அல்ல. நீராவி வண்டி புறப்படும்போதே கொதிகலனுக்கு நெருப்பு மூட்ட வேண்டும். நீராவி திரண்டால்தான் பம்பு ஓடும். 1904-ல் லண்டனை அடுத்த ஃபிஞ்ச்லிக்காக மெர்ரிவெதர் நிறுவனம் செய்த வண்டியில், சக்கரத்தைச் சுழற்றிய பெட்ரோல் எஞ்சினே தீப்பிடித்த இடத்தில் பம்பையும் ஓட்டியது. எரியும் வீட்டுக்கு முன் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிர் அல்லவா! ஆனால் அந்தக் காலத்து வீரர்களுக்குக் கூரை கிடையாது. வண்டியின் இருபுறமும் வெட்டவெளியில் உட்கார்ந்து, கையால் மணி அடித்துக்கொண்டே போனார்கள். நல்ல மாதிரி ஒன்றைக் கையில் எடுத்தால் அந்தத் துணிச்சல் கண்ணுக்குத் தெரியும்.

பம்பாய்க்கு முதல் மோட்டார் தீயணைப்பு வண்டி 1907-ல் வந்தது. 1944 ஏப்ரல் 14 அன்று அதே நகரின் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகீன்' கப்பல் வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். தேசியத் தீயணைப்பு நாள் அவர்கள் நினைவாகவே வந்தது. அந்த 1907 வண்டியை நம் நாட்டு பொம்மைத் தயாரிப்பாளர் எவராவது அச்சு அசலாக வார்த்துத் தந்தால், வரிசையில் முதல் ஆளாக நான் நிற்பேன்.

சேகரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த டை காஸ்ட் மாதிரிகள் துத்தநாகக் கலவையை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி வார்த்தவை. அந்தக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால், நாளடைவில் உலோகம் உப்பி, விரிசல் விட்டு, பொடிந்துபோகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகள் பல அப்படித்தான் அழிந்தன. ஈரமும் வெப்பமும் அதை விரைவுபடுத்தும். ஆகவே புனேயின் மழைக்காலத்தில் இவற்றைப் பரணில் போடாதீர்கள். காற்றோட்டமுள்ள அலமாரியில், உலர்வாக வையுங்கள். பெயிண்ட் உரிந்திருக்கிறதே என்று புதுச்சிவப்பு பூசிவிடவும் வேண்டாம். பழைய பூச்சும், கூடவே வந்த அட்டைப் பெட்டியும் போனால் மாதிரியின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும்.