கொசுவும் கணக்கும்

கணக்கு எதற்குப் பயன்படும் என்று திருக்கோவிலூர் மாணவர்கள் என்னை வினவியதுண்டு. ரொனால்டு ராஸின் ஆராய்ச்சியையே விடையாகக் கூறுவேன்.

1897 ஆகஸ்டு 20-இல், செகந்தராபாத்தில், முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியாவின் கிருமியைக் கொசுவின் வயிற்றுச் சுவரில் கண்டவர் அவர். கொசுக்கள் அனைத்தையும் ஒழித்தல் இயலுமோ எனப் பலர் ஐயுற்றனர். 1911-இல் வெளியான தம் நூலில் ராஸ் கணக்கிட்டுக் காட்டினார்: அனைத்தையும் ஒழிக்க வேண்டுவதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே குறைத்து, அந்நிலையிலேயே வைத்திருந்தால் போதும்.

நோயுற்ற பத்துப் பேரிடமிருந்து புதிதாக எட்டுப் பேருக்கே நோய் பரவுமாயின், எட்டு ஆறாகும், ஆறு ஐந்தாகும், நாளடைவில் நோய் அற்றுப்போகும். பதினொருவருக்குப் பரவினாலோ, அது பெருகிக்கொண்டே செல்லும்.

நம் வீட்டு நீர்த்தொட்டி ஒன்றை மூடுவதால் என்ன பயன் என எண்ணற்க. பதினொன்றை எட்டாகக் குறைப்பவை அத்தகைய மூடிகளே.