குற்றஞ்சாட்டுபவனும் பரிந்து பேசுகிறவரும்: சுயநிந்தனை குறித்துச் சில குறிப்புகள்

சுயவிமர்சனம் என்ற சொல்லுக்கு நம் சூழலில் ரொம்பவும் மரியாதை உண்டு. 'விமர்சனம் - சுயவிமர்சனம்' என்று ஜோடியாக இடதுசாரிக் கட்சிகள் வழியே நமக்கு வந்து சேர்ந்த சொல் அது. 1942இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி யெனானில் தொடங்கிய இயக்கம் அதை அமைப்பு நடைமுறையாகவே ஆக்கிற்று. அங்கே அது கட்டாய வாக்குமூலமாகத் திரிந்தது தனிக்கதை. செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, தவறை ஒத்துக்கொள்வது, திருத்திக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவது என்ற அளவில் அது தேவையான காரியந்தான்.

நான் பேச வருவது அதன் பக்கத்து வீட்டில் குடியிருக்கும் வேறொன்றைப் பற்றி. 'நீயெல்லாம் எழுதி என்னத்தக் கிழிக்கப்போற?' என்று உள்ளிருந்து ஓயாமல் கேட்கும் குரல். கவிதை அச்சானதும் கேட்கும். கூட்டம் முடிந்து வீடு திரும்பிப் படுத்ததும் கேட்கும். சுயவிமர்சனம் செயலைப் பற்றியது, அதற்கு ஒரு முடிவு உண்டு. இந்தக் குரல் ஆளையே பிடித்துக்கொள்கிறது, விடுவதில்லை. இதைச் சுயநிந்தனை என்று பிரித்துச் சொல்வோம். நான் பார்த்த வரையில், இயக்கங்களிலிருந்து ஒதுங்கியவர்களில் பலர் கொள்கை மாறி ஒதுங்கவில்லை. 'எனக்கு இதற்குத் தகுதியில்லை' என்று தங்களுக்குள்ளேயே தீர்ப்பெழுதிக்கொண்டு போனவர்கள்.

இந்தக் குரலோடு அதிக காலம் மல்லுக்கட்டியிருக்கும் மரபுகளில் ஒன்று கிறிஸ்தவம். அந்தக் குரலை வளர்த்துவிட்டதில் அதற்குப் பங்குண்டு என்பதும் உண்மை. 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கொரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டுமென்று விதித்தது. பாவ அறிக்கை என்கிற இந்த உத்தி பிறகு மருத்துவம், கல்வி, நீதிமன்றம் என எங்கும் பரவி, தன்னைத் தானே துருவிக்கொண்டிருக்கும் தன்னிலையை உற்பத்தி செய்தது என்பது 1976இல் ஃபூக்கோ முன்வைத்த வாதம். நம்மில் பலரும் அந்த வாதத்தோடு நின்றுவிடுகிறோம். இதே மரபுக்குள்ளிருந்து இந்தத் துருவலை நிறுத்தப் போராடியவர்களை நாம் கவனிப்பதில்லை.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். மார்ட்டின் லூதர் 1505இல் எர்ஃபுர்ட் நகர அகுஸ்தீனிய மடத்தில் சேர்ந்தார். சில சமயம் ஆறு மணி நேரம் வரைக்கும் பாவ அறிக்கை செய்வாராம். மறந்துபோன பாவத்தை எப்படி அறிக்கையிடுவது என்பதுதான் அவருடைய தீராத பிரச்சினை. மடத்து மூத்தவரான ஸ்டௌபிட்ஸ் அவருக்குச் சொன்ன யோசனை, உன்னையே பார்த்துக்கொண்டிருக்காதே, கிறிஸ்துவின் காயங்களைப் பார் என்பது. ரோமர் நிருபத்தில் வரும் 'தேவநீதி' என்ற சொல்லே தனக்கு வெறுப்பாக இருந்ததென்று 1545இல் லூதர் எழுதினார். அது தண்டிக்கும் நீதி அல்ல, மனிதனுக்கு இனாமாகத் தரப்படும் நீதி என்று பிடிபட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

எதிர் முகாமில் இஞ்ஞாசியார். காயம்பட்ட போர்வீரர். 1522இல் மொன்செராத் மடத்தில் மூன்று நாள் எடுத்துக்கொண்டு, பாவங்களையெல்லாம் எழுதியே அறிக்கை செய்தார். ஆனாலும் மன்ரேசாவில் மறுபடி அரிப்பு தொடங்கிற்று. மிகத் தெளிவாகத் தெரிந்தால் ஒழியப் பழைய பாவத்தைச் சொல்லாதே என்றார் குருவானவர். அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத்தான் தெரிந்தன! உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரைக்கும் போனவர், கடைசியில் பழைய பாவம் எதையும் இனி அறிக்கை செய்வதில்லை என்று முடிவெடுத்து வெளியே வந்தார். இந்த அரிப்புக்கு அந்த மரபு வைத்த லத்தீன் பெயரின் மூலப் பொருள் கூரான சிறு கல். செருப்புக்குள் புகுந்த பொடிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒருவர் திருச்சபையை உடைத்தவர், மற்றவர் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு சபையையே நிறுவியவர். மருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒன்று. 'நான் அவ்வளவு மோசமில்லை' என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. நீதிபதி நாற்காலியிலிருந்து தங்களை இறக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். தன்னைத் தானே தீர்ப்பளிப்பதில்லை என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் சொல்வதும் இதைத்தான்.

இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும். 'சாத்தான்' என்ற எபிரேயச் சொல்லின் பொருள் எதிராளி, வழக்கில் குற்றஞ்சாட்டுபவன். யோபு கதையில் அவன் செய்கிற வேலை அதுதான். இதற்கு எதிரே நிற்கும் கிரேக்கச் சொல் 'பரக்லேதோஸ்': துணைக்கு அழைக்கப்பட்டவர், வழக்கில் நமக்காகப் பேசுபவர். நம் பழைய தமிழ் பைபிள் இதையே யோவான் சுவிசேஷத்தில் 'தேற்றரவாளன்' என்றும், யோவானின் முதல் நிருபத்தில் 'பரிந்து பேசுகிறவர்' என்றும் பெயர்க்கிறது. முதல் சொல்லில் ஆறுதல் இருக்கிறது, நீதிமன்றம் காணாமல் போய்விட்டது. இரண்டாவதில் நீதிமன்றம் அப்படியே நிற்கிறது. சுயநிந்தனையில் குற்றவாளி, சாட்சி, நீதிபதி மூவரும் ஒரே ஆள். வக்கீலுக்கு மட்டும் இடமில்லை. விசுவாசம் அந்தக் காலி இடத்தை நிரப்புகிறது.

ஜெபம் செய்கிற வேலையும் இதிலிருந்து விளங்கும். நிந்தனையில் 'நான்' பேசுவது 'நீ' என்று வேடமிட்ட நானோடு. ஜெபத்தில் முன்னிலை மாறிவிடுகிறது. பேச்சு வெளியே போகிறது. 1535இல் தன் நாவிதருக்காக லூதர் எழுதிய சிறுநூலில் ஒரு வழி சொல்கிறார். கட்டளை ஒன்றை எடுத்து நாலு இழையாக முறுக்க வேண்டும்: முதலில் அது என்ன கற்பிக்கிறது, அடுத்து நன்றி, மூன்றாவது பாவ அறிக்கை, நாலாவது வேண்டுதல். அறிக்கை ஒழிக்கப்படவில்லை. நாலில் ஒரு பங்குதான் அதற்கு; நன்றிக்குப் பிறகுதான் வரும்; கடைசி வார்த்தையும் அதனுடையதல்ல. ஆறு மணி நேரம் அறிக்கை செய்த மனிதர் எழுதியது இது.

இதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. லூதரையே 1527இல் கடும் மனச்சோர்வு மீண்டும் பிடித்தது. ஆங்கிலக் கவி வில்லியம் கூப்பர் 1773இல் கண்ட ஒரு கனவுக்குப் பின், கடவுள் தன்னை நிரந்தரமாகத் தள்ளிவிட்டார் என்று நம்பினார். 1779இல் வெளிவந்த பிரபலமான பாமாலைத் தொகுப்பில் பங்கு கொண்டவர், 1800இல் இறக்கும்வரை அந்த நம்பிக்கையிலிருந்து மீளவில்லை. குற்றஞ்சாட்டுபவன் கடவுளின் குரலிலேயே பேசப் பழகிவிட்டால் விசுவாசமும் அவன் பக்கம் சேர்ந்துவிடுகிறது. இந்த அரிப்பின் தீவிர வடிவத்தை இன்றைய மனநல மருத்துவம் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வகையாகப் பார்க்கிறது. அப்படிப்பட்டவரிடம் ஜெபம் பண்ணு என்று மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும்.

கடவுள் நம்பிக்கை இல்லாத தோழர்கள் கேட்கலாம்: எங்களுக்கு இதில் என்ன? ஜெபத்தை வெறும் உத்தியாகக் கழற்றி எடுத்துக்கொள்ள முடியாது. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்தான் அது ஓடுகிறது. ஆனால் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். நம் கூட்டங்களில் குற்றஞ்சாட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. தன் மேலேயே குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் தோழருக்காக, 'போதும், நீ சொல்வது முழு உண்மையல்ல' என்று எழுந்து பேசும் பொறுப்பை எந்த அமைப்பு யாரிடம் ஒப்படைத்திருக்கிறது?