நோட்டின் ஓரத்தில் ஒரு கணக்கு

பாடம் நடக்கையில் நோட்டின் ஓரத்தில் கிறுக்குவது உங்களுக்கும் வழக்கமல்லவா? அது வீண் வேலை என்று எண்ணவேண்டாம். 1963இல் உலாம் என்ற கணித அறிஞர், சலிப்பூட்டிய உரையொன்றின்போது எண்களைச் சுருளாக எழுதிப் பகா எண்களை மட்டும் வட்டமிட்டார். அவற்றுள் பல சாய்கோடுகளில் அணிவகுத்து நின்றன! கணிதத்தில் ஒரு புதிய ஆராய்ச்சி பிறந்தது.

நம் பரவை வாசல்களில் விடியற்காலையில் காணும் சிக்குக் கோலமும் இத்தகையதே. நோட்டில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்று புள்ளிகள் வையுங்கள். கோடு புள்ளிகளுக்கிடையே சாய்வாகச் சென்று, ஓரத்தை அடைந்ததும் உள்ளே வளையட்டும். ஒரே இழையில் கோலம் முடியும். மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்று வைத்தாலோ மூன்று இழைகள் தேவை!

காரணம் என்ன? கேரம் பலகையின் ஓரத்தில் மோதிய காயைப்போல் கோடு திரும்புகிறது. குறுக்குச் சுற்றும் நெடுக்குச் சுற்றும் ஒருங்கே முடியும்போது இழை மூடிக்கொள்கிறது. இரு எண்களுக்கும் பொதுக்காரணி இருந்தால் அது விரைவிலேயே நேர்ந்து, சில இடங்கள் விடுபடுகின்றன. அவற்றிற்கு வேறு இழை வேண்டும். ஆகவே, மீப்பெரு பொதுக்காரணி எவ்வளவோ அத்தனை இழைகள்.

கோலங்களின் அமைப்பைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக வகுத்து, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். வாசற்படியில் அன்றாடம் மிதித்துக் கடந்தது அறிவியலாயிற்று!

ஆறு வரிசை, வரிசைக்கு ஒன்பது புள்ளிகள் என்றால் எத்தனை இழைகள்? முதலில் விடை சொல்லுங்கள். பிறகு போட்டுப் பாருங்கள்.