ஓரக்கண்ணுக்கு ஒரு திரை

‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ என்ற வீடியோ கேமில் துப்பாக்கி கிடையாது, துரத்தல் கிடையாது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டிச் சரக்கைச் சேர்ப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். செக் நாட்டின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012இல் வெளியிட்ட இந்த விளையாட்டை ஆட்கள் இன்றும் விடிய விடிய ஓட்டுகிறார்கள்.

சாதாரண மானிட்டரில் ஓட்டும்போது ஒரு தொல்லை உண்டு. பெரும்பாலான ஐரோப்பிய லாரிகளில் ஓட்டுநர் இருக்கை இடதுபக்கம். எதிரே சாலை தெரியும், ஸ்டீயரிங் தெரியும். வலதுகோடியில் இருக்கும் கண்ணாடி திரைக்கு வெளியே போய்விடும். அதைப் பார்க்க மவுஸை நகர்த்தித் தலையைத் திருப்பினால், அதற்குள் சாலை கண்ணைவிட்டு நழுவிவிடும். எஃப்2 விசையைத் தட்டினால் கண்ணாடிகள் தனிக் கட்டங்களாகத் திரையில் முளைக்கும் என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். திரை அகலமாக அகலமாக அந்த விசையின் தேவை குறைந்துகொண்டே போகிறது.

சாதாரண மானிட்டரின் அகல உயர விகிதம் 16:9. அல்ட்ராவைடு மானிட்டர்கள் 21:9 என்ற விகிதத்தில் வருகின்றன. அதையும் தாண்டிய 32:9, இரண்டு சாதாரணத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய அகலம். 34 அங்குல அல்ட்ராவைடும் 27 அங்குலச் சாதாரண மானிட்டரும் உயரத்தில் ஒன்றுதான். கூடுதலாகக் கிடைப்பதெல்லாம் இரண்டு பக்க ஓரங்கள். அந்த ஓரங்களில் எதைக் காட்டுகிறது என்பதை வைத்துத்தான் ஒரு விளையாட்டு இந்தத் திரைக்குப் பொருந்துமா என்று சொல்ல முடியும்.

நம் இரு கண்களும் சேர்ந்து பக்கவாட்டில் ஏறத்தாழ 200 டிகிரி வரை பார்க்கின்றன. ஆனால் எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கூர்மையாகத் தெரிவது நடுவே சுமார் 2 டிகிரி மட்டுமே. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த நகத்தின் அகலம்தான் அது. மிச்சமெல்லாம் மங்கல். மங்கலான அந்தப் பகுதிக்கு ஒரு திறமை உண்டு: எது நகர்கிறது என்பதைச் சட்டென்று பிடித்துவிடும். பக்கத்துத் தண்டவாளத்து ரயில் கிளம்பும்போது நம் ரயிலே நகர்வதாக ஒரு கணம் ஏமாறுகிறோமே, அது ஓரப்பார்வையின் வேலை.

வேகத்தை உணர்வதும் பெரிதும் அப்படித்தான். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் லாரியை எடுத்துக்கொள்வோம். சாலையோர மரங்கள் வண்டியின் பாதையிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிற்கின்றன. நேர் எதிரிலிருந்து 10 டிகிரி விலகித் தெரியும் மரம் நொடிக்கு 8 டிகிரி அளவே நகரும். அதே மரம் 45 டிகிரிக்கு வரும்போது நொடிக்கு 127 டிகிரி வேகத்தில் பின்னோக்கிப் பாயும். எதிரே பார்த்தால் உலகம் மெல்ல வளர்கிறது, பக்கத்தில்தான் பறக்கிறது.

65 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது 27 அங்குலத் திரையின் விளிம்பு பார்வை மையத்திலிருந்து 25 டிகிரியிலேயே முடிந்துவிடுகிறது. 49 அங்குல 32:9 திரையின் விளிம்பு 40 டிகிரியைத் தாண்டிப் போகிறது. பறக்கும் உலகம் ஓரப்பார்வையில் விழுகிறது. லாரி, ரேஸ் கார், விமானம் ஆகியவற்றை ஓட்டும் விளையாட்டுகள் அல்ட்ராவைடில் உயிர்பெறுவதற்குக் காரணம் இதுதான். சிலருக்கு இதனாலேயே தலை சுற்றுவதும் உண்டு: ஓடுகிறோம் என்று கண் சொல்ல, உட்கார்ந்திருக்கிறோம் என்று உள்காது சொல்கிறது.

ஓரப்பார்வையைத் திரையில் முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர்களில் ஒருவர் அமெரிக்கர் ஃபிரெட் வாலர். ஆழமும் அசைவும் கண்ணின் ஓரத்தால்தான் உயிர்பெறுகின்றன என்று அவர் நம்பினார். இரண்டாம் உலகப்போரில், விமானத்திலிருந்து சுடும் வீரர்களுக்காக ஒரு பயிற்சிக்கருவி செய்தார். 5 புரொஜெக்டர்கள் வளைந்த திரையில் எதிரி விமானங்களைப் பறக்கவிடும். வீரர் போலித் துப்பாக்கியால் குறிபார்ப்பார். எத்தனை குறி பட்டது என்று கருவி கணக்கு வைக்கும். வீடியோ கேம் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் இப்படி ஒன்று. போருக்குப் பின் அதே யோசனை 3 புரொஜெக்டர்கள் கொண்ட ‘சினிராமா’ என்ற அகலத்திரை சினிமாவாக 1952இல் நியூயார்க்கில் திரையேறியது. விளையாட்டுக்கூடங்களுக்கு அது வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின: ஜப்பானின் தட்சுமி நிறுவனம் 1983இல் கொண்டுவந்த ‘டிஎக்ஸ்-1’ கார் பந்தயத்தில் 3 திரைகள் வரிசையாக நின்றன.

அப்படியானால் திரையை அகலமாக்கிக்கொண்டே போனால் போதுமா? இங்கே கணிதம் குறுக்கே நிற்கிறது. முப்பரிமாண விளையாட்டுகள் பெரும்பாலும் உலகைத் தட்டையான ஜன்னல் வழியே பார்ப்பதாகக் கணக்குப் போட்டு வரைகின்றன. 16:9 திரையில் 90 டிகிரி தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரத்தை மாற்றாமல் 21:9 ஆக்கினால் 105 டிகிரிக்குச் சற்று அதிகமாகத் தெரியும். அகலத்தை இரட்டிப்பாக்கி 32:9 ஆக்கினால் 180 கிடைக்காது. 127 டிகிரிதான் கிடைக்கும். ஒரு முழுத் திரைக்குச் சமமான இடத்தைச் சேர்த்து, வாங்கியது 37 டிகிரி.

எஞ்சிய இடம் எங்கே போயிற்று? இழுப்பதில் போயிற்று. ஓரத்துக்குப் போகப் போகப் பார்வைக்கோடு அந்த ஜன்னலைச் சாய்வாக, தொலைவில் தொடுகிறது. அதனால் நடுவில் இருப்பதோடு ஒப்பிட்டால், 32:9 திரையின் விளிம்பில் ஒரு பொருள் 5 மடங்கு அகலமாகவும் 2.2 மடங்கு உயரமாகவும் வரையப்படும். ஓரத்தில் நிற்கும் ஆள் ரப்பர்போல நீள்வது இதனால்தான். கணக்கில் பிழை இல்லை, 120 செ.மீ. அகலமுள்ள அந்தத் திரைக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் கண்ணை வைத்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அவ்வளவு நெருங்கி யாரும் உட்காருவதில்லை.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ போன்ற வியூக விளையாட்டுகள் இந்தச் சிக்கலுக்குள்ளேயே வருவதில்லை. மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் அந்த உலகில் தொலைவு, அருகு என்ற பேதம் கிடையாது. எல்லா வீடும் எங்கே இருந்தாலும் ஒரே அளவு. திரை இரண்டு மடங்கு என்றால் நிலமும் சரியாக இரண்டு மடங்கு. கோட்டையும் வயலும் வரும் படையும் ஒரே பார்வைக்குள் அடங்கும்.

அந்த ஆதாயமே போட்டி விளையாட்டுகளுக்குத் தலைவலி. பக்கத்தில் பதுங்கிவரும் எதிரியை அகலத்திரைக்காரர் மட்டும் பார்த்தால் ஆட்டம் நியாயமாகுமா? அதனால் ‘வேலரன்ட்’ 16:9ஐத் தாண்டிக் காட்டுவதில்லை. மீதி இடத்தில் கறுப்புப் பட்டைதான். ‘எல்டன் ரிங்’ போன்ற தனியாள் விளையாட்டுகூட அப்படித்தான் வெளிவந்தது. இன்னும் சில விளையாட்டுகள் வேறு குறுக்குவழி எடுக்கின்றன: மேலும் கீழும் வெட்டிவிட்டு, மிஞ்சியதை அகலத்துக்குப் பெருக்கிக் காட்டும். அகலத் திரைக்குக் காசு கொடுத்தவர் மற்றவர்களைவிடக் குறைவாகப் பார்ப்பார்.

ஓரத்தின் குணம் தெரியாமல் செய்த தவறுகளும் உண்டு. மிச்சமிருக்கும் தோட்டாக்களின் எண்ணிக்கையையும் வரைபடத்தையும் 32:9 திரையின் மூலையில் வைத்தால், ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டும். எழுத்தையும் எண்ணையும் படிக்க ஓரப்பார்வையால் முடியாது. நல்ல விளையாட்டுகள் அவற்றை நடுப்பக்கம் இழுத்துவைக்க வசதி தருகின்றன. கதைக்காட்சிகளில் இன்னொரு வேடிக்கை: சட்டத்துக்கு வெளியே யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்டுவைத்த பாத்திரங்கள், தங்கள் முறை வரும்வரை ஓரத்தில் மரம்போல நிற்பது அகலத்திரையில் அம்பலமாகிவிடும்.

நீளும் பிம்பத்துக்குத் தீர்வு இருக்கிறது. ‘ஐரேசிங்’, ‘அசெட்டோ கோர்சா’ போன்ற கார் பந்தய விளையாட்டுகள் மூன்று மானிட்டர்களைச் சாய்த்துவைத்தால் ஒவ்வொன்றுக்கும் அதனதன் கோணத்தில் தனிக் காட்சி வரைகின்றன. அதனால் ஓரம் அளவுக்கு மீறி நீளுவதில்லை. ஒற்றைத் திரைக்குப் பனினி முறை உண்டு. ரோம் நகரின் பரந்த கட்டட உட்புறங்களை வரைந்த 18ஆம் நூற்றாண்டு ஓவியர் ஜொவான்னி பாவ்லோ பனினியின் பெயர் அதற்கு. உலகை முதலில் உருளையொன்றின்மேல் பதித்து, பிறகு தட்டைக்கு மாற்றுவது அதன் உத்தி. நேர்க்குத்துக்கோடுகள் நேராகவே நிற்கும், ஓரத்து முகங்கள் வீங்காது. அன்ரியல், யூனிட்டி என்ற இரண்டு பெரிய கேம் எஞ்சின்களிலும் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது.

தட்டை ஜன்னல் கணக்கில் 180 டிகிரி காட்ட முடிவிலா அகலமுள்ள திரை வேண்டும். மானிட்டரை வளைத்தாலும் பயனில்லை. திரை வளைந்திருப்பது விளையாட்டுக்குத் தெரியாது, அது பழைய தட்டைக் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கும். திரையை நீட்டும் வேலையைத் தொழிற்சாலைகள் செய்துவிட்டன. இனி மாற வேண்டியது விளையாட்டுக்குள் இருக்கும் அந்தக் கணக்கு.