‘படிகம்’ என்னும் சொல்லும் மின்னணு நுண்ணோக்கியும்

கலைச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை உண்டு. மாணவர் அதனை மனனம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். அவ்வரையறை எச்சான்றின்மேல் நிற்கிறது என வினவுவோர் சிலரே. அவ்வினா எத்துணை இன்றியமையாதது என்பதைப் ‘படிகம்’ என்னும் சொல்லின் வரலாறு காட்டுகிறது.

உப்பும் வைரமும் படிகங்கள். அணுக்களின் அடுக்கு, ஒவ்வொரு திசையிலும் குறித்த இடைவெளியில் மீள மீள வரும் திடப்பொருளே படிகம் என்பது பழைய வரையறை. இதிலிருந்து ஒரு தடை பிறந்தது. சதுர ஓடுகளையும் அறுகோண ஓடுகளையும் தரையில் இடைவெளியின்றிப் பதிக்கலாம். ஒழுங்கான ஐங்கோண ஓடுகளைப் பதித்தால் இடைவெளி விழும். அவ்வாறே, ஐந்து மடிச் சமச்சீரும் பத்து மடிச் சமச்சீரும் படிகத்துக்கு இயலா என்று பாடநூல்கள் கூறின.

அணுக்களின் அடுக்கை ஒளி நுண்ணோக்கியால் காண இயலாது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். திண்மங்களில் அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளியோ அரை நானோமீட்டருக்கும் குறைவு. எலக்ட்ரானும் அலைபோல் இயங்கவல்லது. 100 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் 0.0037 நானோமீட்டரே. எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நாலும் 1931இல் பெர்லினில் உருவாக்கிய மின்னணு நுண்ணோக்கியில் காந்தச் சுருள்களே வில்லைகளாயின. மெல்லிய பொருளின் ஊடே எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தினால், அதன் உருவத்தைப் பெறலாம். அணுக்களின் ஒழுங்கைக் காட்டும் புள்ளிக்கோலத்தையும் பெறலாம். இப்புள்ளிக்கோலம் விளிம்பு விளைவால் தோன்றுவது.

1982 ஏப்ரல் 8ஆம் நாள், அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயக் கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த இஸ்ரேலிய அறிஞர் டான் ஷெக்ட்மன், விரைந்து குளிர்விக்கப்பட்ட அலுமினிய மாங்கனீசுக் கலவையை இக்கருவியில் ஆராய்ந்தார். வட்டமாக அமைந்த பத்துப் புள்ளிகள் தோன்றின. சாதாரணப் படிகங்கள் பல ஒட்டிப் பிறந்து, இப்பொய்த்தோற்றத்தைத் தரக்கூடும் என்பதை அவரும் அறிவார். ஆகவே மிகச் சிறிய பகுதிகளைத் தனித்தனியே சோதித்தார். ஒட்டுப்படிகம் எதுவும் தென்படவில்லை. கட்டுரை 1984இல்தான் வெளிவந்தது. இருமுறை நோபெல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங் இறுதிவரை அதனை ஏற்கவில்லை.

ஆயினும் சான்றுகள் பெருகின. 1992இல் அனைத்துலகப் படிகவியல் ஒன்றியம் வரையறையை மாற்றியது: தனித்தனிப் புள்ளிகளாக விளிம்பு விளைவைத் தரும் திடப்பொருள் எதுவும் படிகமே. பழைய வரையறை அடுக்கின் மீள்வரவைக் கட்டாயமாக்கியது. புதியது, கருவி காட்டும் ஒழுங்கையே அளவுகோலாகக் கொண்டது. ஷெக்ட்மனுக்கு 2011இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

சொல்லாய்வாளர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இப்பொருளுக்கு இட்ட பெயர் ‘குவாசி கிரிஸ்டல்’. ‘படிகம் போன்றது’ என்பது அதன் பொருள். இன்றைய வரையறைப்படி அது படிகமே; பெயர் மட்டும் பழைய ஐயத்தைச் சுமந்து நிற்கிறது. இலக்கியம் கண்டே இலக்கணம் வகுப்பது நம் மரபு. அறிவியல் வரையறையும் அத்தகையதே. அதனைக் கற்பிக்கும் ஆசிரியர், அது பிறந்த சான்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும்.