த்ரீ நாட் த்ரீ: துருவை நீக்கலாம், தடயத்தை நீக்கலாகாது

'த்ரீ நாட் த்ரீ' என்றால் நம்மில் வயதானவர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற சென்ட்ரிதான் நினைவுக்கு வருவார். குழலின் உள்விட்டம் .303 அங்குலம், அதனால் வந்த பெயர். முழுப்பெயர் லீ-என்ஃபீல்டு. 1907-ல் வந்த மூன்றாம் மார்க் மாதிரியைத் தூக்கிக்கொண்டுதான் முதல் உலகப் போரில் நம் சிப்பாய்கள் பிரான்சில் நின்றார்கள். கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில் உள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை இதைப் பல ஆண்டுகள் செய்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020 குடியரசு நாளில்தான் இதற்கு விடைகொடுத்தது.

சாதாரண லைசென்சில் இதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஆயுதச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ரகம். ஆகவே இதைப் புதுப்பிக்கும் வேலை அருங்காட்சியகங்களில்தான் நடக்கும். எண்ணெய் வியாபாரியான எனக்கு இதில் என்ன தொடர்பு? ஓய்வுபெற்ற ஆர்மரர் ஒருவர், தாம் பராமரிக்கும் காட்சிக்கூடத் துப்பாக்கிகளுக்கு என் கடையில் ஆளிவிதை எண்ணெய் வாங்குவார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததையும், பிறகு தேடிப் படித்ததையும் எழுதுகிறேன்.

உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். கழற்றுவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் முன்கட்டை, அப்புறம்தான் பின்கட்டை. பின்கட்டையைப் பிடிக்கும் நீண்ட போல்ட்டின் சதுர முனை, முன்கட்டையிலுள்ள ஒரு தகட்டில் செருகியிருக்கும். அவசரப்பட்டுப் பின்கட்டையைத் திருகினால் முன்கட்டை பிளந்துபோகும். அத்தோடு போயிற்று!

துருவில் இரண்டு சாதி. செந்துரு இரும்பைத் தின்றுகொண்டே போகும். கருந்துரு போர்வைபோல் ஒட்டிக் காக்கும். செந்துரு பிடித்த இரும்புப் பாகத்தைக் கட்டையிலிருந்து பிரித்துக் கொதிநீரில் போட்டால் துரு கறுத்துவிடும். மிக மெல்லிய இரும்பு நாரால் மேலாகத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, எண்ணெய் பூசினால் போதும். உப்புத்தாள் போட்டால் துருவோடு இரும்பும் போகும், எழுத்தும் போகும்.

குழலின் உட்புறத்துக்கும் வெந்நீர்தான் மருந்து. பழைய தோட்டாக்களின் கேப் வெடித்ததும் ஒருவகை உப்பைக் குழலில் விட்டுச்செல்லும். உப்பு எண்ணெயில் கரையாது, நீரில்தான் கரையும். அதனால்தான் அக்காலச் சிப்பாய்கள் சுட்டு முடித்ததும் கொதிநீரை ஊற்றிக் கழுவி, கயிற்றில் துணி கட்டி இழுத்து, பிறகு எண்ணெய் போட்டார்கள். அந்தக் கயிறும் எண்ணெய்க் குப்பியும் பின்கட்டையின் பித்தளைக் கதவுக்குள்ளேயே இருக்கும்.

கட்டைக்கு வார்னிஷ் ஆகாது. ஆளிவிதை எண்ணெயைச் சில சொட்டு விட்டு, உள்ளங்கை சூடேறத் தேய்த்து, ஒருநாள் விட்டு மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடாகித் தீப்பற்றும். விரித்துக் காயப்போடணும், இல்லை தண்ணீரில் முக்கி வைக்கணும்.

இனி முக்கியமான சங்கதி. பின்கட்டை சேருமிடத்தில் வலப்புறம் ஒரு கிரீடம், அதன்கீழ் 'ஜி.ஆர்.ஐ.' என்ற எழுத்துகள், இச்சாப்பூர் என்ற பெயர், வருடம், மாதிரி ஆகியவை பொறித்திருக்கும். ஜி.ஆர்.ஐ. என்றால் ஜார்ஜ், மன்னர், சக்கரவர்த்தி என்று லத்தீனில் பொருள். காட்சிக்கூடத்துக்கு வந்த ஒரு பெரியவர், "வெள்ளைக்காரன் முத்திரை நமக்கெதற்கு? ராவி எடுத்துப் பளபளன்னு ஆக்கிடுங்களேன்" என்றார். ஆர்மரர் மறுத்துவிட்டார். கிரீடம் ராஜாவுடையது, அதைப் பொறித்த கை இச்சாப்பூர்த் தொழிலாளியுடையது. கிரீடத்தை ராவினால் அவனும் சேர்ந்தே போவான்.

கல்வெட்டு படிக்கும் பழக்கமுள்ள எனக்கு இது உடனே புரிந்தது. திருப்பணி என்று மணலைப் பீய்ச்சியடித்து நம் கோயில் சுவர்களில் எத்தனை வரிகளை மழுங்கடித்திருக்கிறோம்!

எறும்பை மிதிக்க அஞ்சும் சமணனான நான் ஓர் ஆயுதத்துக்குப் பரிந்து பேசலாமா என்று கேட்கலாம். 1919 ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலாபாகில் 50 சிப்பாய்கள் 1,650 ரவுண்டு சுட்டதும் இந்த ரகத் துப்பாக்கியால்தான். கொலைக் கருவி என்பதாலேயே அதைப் புதிதுபோல் மினுக்கக் கூடாது. மினுக்கினால் அது ஒன்றும் அறியாத அலங்காரப் பொருளாகிவிடும். வடுவும் முத்திரையும் இருந்தால்தான், யார் செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், என்ன நடந்தது என்று பின்வருபவர் கேட்பார்கள். சாட்சியைத் துடைத்துச் சுத்தமாக வைக்கலாம். அதன் நாக்கை அறுக்கலாகாது.