நாலு ஏக்கர்காரருக்கு ஏ.ஐ. எதற்கு?

லப்பைக்குடிக்காட்டு வாசகர் ஒருவரின் கேள்வி இது: 'டி.வி.யைத் திறந்தால் ஏ.ஐ., ஏ.ஐ. என்கிறார்கள். எனக்கு மூன்று ஏக்கர் மக்காச்சோளம், ஒரு ஏக்கர் சின்ன வெங்காயம். வீட்டில் பத்து ஆடு வளர்த்து விற்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஏதாவது உண்டா, இல்லை அது கம்பெனிக்காரர்கள் சமாச்சாரமா?'

கேள்வி-பதில் பகுதியில் நாலு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் கட்டுரையாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாலு ஏக்கரும் பத்து ஆடும் வைத்து விற்பனை செய்கிறவர் சிறுதொழில் நடத்துகிறவர்தான். விதை, உரம், கூலி என்று முதல் போடுகிறார், கடன் வாங்குகிறார், விலை பேசுகிறார். ஆனால் கணக்குப் பிள்ளையும் கிடையாது, எழுதிக் கொடுக்க ஆளும் கிடையாது. பெரிய கம்பெனி பத்துப் பேரை வைத்துச் செய்கிற வேலையை ராத்திரி சாப்பிட்ட பிறகு தனி ஆளாகச் செய்கிறார், அல்லது செய்யாமலே விட்டுவிடுகிறார். இந்த இடத்தில்தான் செயற்கை நுண்ணறிவு அவருக்கு உதவும். வயலில் இறங்கிக் களை எடுக்காது. எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் கூட உட்காரும்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பல வீடுகளில் ஆண்கள் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். நிலத்தை வீட்டுப் பெண்களும் பெரியவர்களும் பார்க்கிறார்கள். 'மோட்டார் ஓடலைங்க, என்ன செய்ய' என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போகிறது; அங்கிருந்து பதில் வருகிறது. அதே மாதிரிதான் இதுவும். சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளில் மைக் படத்தை அழுத்தித் தமிழில் பேசினால் தமிழிலேயே பதில் வரும். தட்டச்சு தெரிய வேண்டியதில்லை. இரண்டிலும் காசில்லாமல் பயன்படுத்தும் வசதி உண்டு. நம்முடைய தேவைக்கு அதுவே போதும். பணம் கட்டச் சொல்லித் திரை வந்தால் மூடிவிடுங்கள்.

வெங்காயத்தை விற்பதா, பட்டறை போடுவதா?

மருந்து, பூச்சி என்று ஆரம்பிக்காமல் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள். தப்பு வந்தாலும் பயிர் சாகாது, நாமே சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் வைக்கிற எல்லோருக்கும் வருகிற கேள்விதான்: அறுத்ததும் விற்பதா, பட்டறையில் வைத்து விலை ஏறியபின் விற்பதா? இதைப் பெரும்பாலும் மனக்கணக்கில்தான் முடிவு செய்கிறோம். மைக்கை அழுத்தி இப்படிச் சொல்லிப் பாருங்கள்: 'என்னிடம் 2,000 கிலோ சின்ன வெங்காயம் இருக்கிறது. இன்றைக்கு விற்றால் கிலோ 30 ரூபாய். மூன்று மாதம் பட்டறையில் வைத்தால் நூற்றுக்கு 25 பங்கு எடை குறையும், அழுகலும் அதில் சேர்த்தி. பட்டறைச் செலவு 3,000 ரூபாய். கையிலிருக்க வேண்டிய பணத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. மூன்று மாதம் கழித்து என்ன விலைக்கு விற்றால் எனக்குக் கட்டுபடியாகும்?'

கணக்கு இப்படி வர வேண்டும். இன்றைக்கு விற்றால் 60,000 ரூபாய். மூன்று மாத வட்டி 1,800. பட்டறைச் செலவு 3,000. ஆக 64,800. மிஞ்சுகிற வெங்காயம் 1,500 கிலோ. வகுத்தால் கிலோவுக்கு 43 ரூபாய் 20 காசு. அதாவது, விலை 30-லிருந்து 40-க்கு ஏறினாலும் நஷ்டம்தான்! '10 ரூபாய் ஏறிடுச்சு' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே நஷ்டத்துக்கு விற்ற ஆட்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்!

மேலே சொன்ன எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் பட்டறையில் எடை எவ்வளவு குறையும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சரியாகச் சொன்னால் பதிலும் சரியாக வரும். பதிலோடு கணக்கு போட்ட விதத்தையும் படிப்படியாகச் சொல்லும்படி கேளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டு ஒரு தடவை சரிபாருங்கள். மூன்று மாதம் கழித்து விலை என்ன ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் தைரியமாக ஒரு எண்ணைச் சொல்லும். அதை நம்பிப் பட்டறை போட வேண்டாம்.

ஆட்டுக்கும் அப்படித்தான். தீவனம், மருத்துவம், குட்டி வாங்கின விலை எல்லாவற்றையும் தினமும் ராத்திரி ஒரு குரல் பதிவாகச் சொல்லி, மாதக் கடைசியில் அட்டவணையாகப் போடச் சொல்லலாம். வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். ஒழுங்காகக் கணக்கு வைப்பதில் நம்மைவிட அவர்கள் கெட்டி.

மனு எழுதுவதும் இதே ரகம். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர்களைத் தேடுகிறார்கள். பேசுகிற தமிழில் விஷயத்தைச் சொல்லி 'இதை மனுவாக எழுது' என்றால் எழுதித் தரும். கையெழுத்துப் போடும் முன் சர்வே எண்ணையும் தேதியையும் மட்டும் இரண்டு முறை பாருங்கள். நீங்கள் சொல்லாமல் விட்ட இடத்தை அது தானாக இட்டு நிரப்பிவிடுகிற பழக்கம் உண்டு.

படம் பிடித்துக் கேட்பது

2018-ல் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு, அந்த ஆண்டே பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தை மொட்டையடித்தது நினைவிருக்கும். அது என்ன புழு என்று புரிவதற்குள்ளேயே குருத்துகள் போய்விட்டன. பூச்சியை அடையாளம் காண ஒரு வாரம் தாமதமானால் எவ்வளவு இழப்பு என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

படத்தைப் பார்த்துப் பூச்சி, நோயைச் சொல்கிற ஏ.ஐ. இன்றைக்கு இருக்கிறது. ஜெர்மனியில் தொடங்கிய 'பிளான்டிக்ஸ்' செயலி பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தேசிய பூச்சிக் கண்காணிப்பு அமைப்பைத் தொடங்கியது. பல பயிர்களுக்கு, படம் அனுப்பிப் பூச்சியை அறியும் வசதி அதில் உண்டு. பருத்தி போடுகிறவர்கள் அறிய வேண்டிய இன்னொன்று: மும்பை வாத்வானி ஏ.ஐ. நிறுவனம் 'காட்டன்ஏஸ்' என்று ஒன்று செய்தது. இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளை வெள்ளைத் தாளில் கொட்டிப் படம் எடுத்தால், அவற்றை எண்ணி, மருந்து அடிக்க வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும். 'வேண்டாம்' என்று சொல்வதுதான் அதில் எனக்குப் பிடித்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கு ஒரு பொறியில் ஒரு இரவுக்கு 8 அந்துப்பூச்சி வீதம் மூன்று இரவு தொடர்ந்து விழுந்தால்தான் பொருளாதாரச் சேத நிலை. அதற்குக் கீழே இருக்கும்போது அடிக்கிற மருந்து கடைக்காரருக்குத்தான் லாபம். போன் இல்லாதவரும் பூச்சியை விரல்விட்டு எண்ணலாம், எண் ஒன்றுதான்.

படம் நன்றாக இருந்தால்தான் பதில் நன்றாக இருக்கும். தூரத்தில் நின்று காட்டை எடுத்து அனுப்பினால் எந்த ஏ.ஐ.யாலும் ஒன்றும் சொல்ல முடியாது. காலையில், வெயில் ஏறுவதற்கு முன் எடுங்கள். முழுச் செடி ஒன்று, குருத்தை விரித்து ஒன்று, புழுவைக் கையில் வைத்து நெருங்கி ஒன்று என மூன்று படம் வேண்டும். படைப்புழு என்றால் தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்து போன்ற வெள்ளைக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக நாலு கரும்புள்ளியும் தெரியும். அந்த இரண்டும் படத்தில் விழ வேண்டும்.

பேச்சு மொழியிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கம் சின்ன வெங்காயத்தில் வருவதைக் 'கோழிக்கால் நோய்' என்கிறோம். அந்தப் பெயரை மட்டும் சொன்னால் கோழி வளர்ப்புக்குப் போய்விடும் அபாயம் இருக்கிறது. 'சின்ன வெங்காயம், நட்டு 40 நாள், தாள் சுருண்டு முறுக்கிக்கொள்கிறது, கழுத்து நீளுகிறது, போன வாரம் தொடர்ந்து மழை' என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னால் திருகல் நோய் பக்கம் வரும். டாக்டரிடம் 'எனக்கு இன்ன வியாதி' என்று சொல்வதைவிட, எங்கே வலிக்கிறது என்று சொல்வதுதானே உதவும்.

மருந்தளவை மட்டும் அதனிடம் விடாதீர்கள்

இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஏ.ஐ. உலகம் பூராவும் எழுதிக் கிடக்கிறதைப் படித்து வந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பானைப் பரிந்துரைக்கும் பழைய கட்டுரைகளும் இணையத்தில் கிடக்கின்றன. நம் நாட்டில் பதிவே இல்லாத மருந்துகளும் கிடக்கின்றன. எது பழசு, எது வெளிநாடு என்று பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்லிவிடக்கூடும்; அதையும் தயங்காமல் சொல்லும்.

அளவிலும் தடுமாற்றம் வரும். ஆராய்ச்சித் தாள்கள் ஹெக்டேரில் பேசும். நாம் ஏக்கரில் பேசுகிறோம். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஹெக்டேருக்குச் சொன்னதை ஏக்கருக்கு அடித்தால் இரண்டரை மடங்கு மருந்து. காசும் போச்சு, அடிக்கிறவர் உடம்பும் போச்சு. படைப்புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. என்றால் லிட்டருக்கு 0.4 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 4 கிராம். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. ஆகவே, என்ன பூச்சி என்பதை ஏ.ஐ.யிடம் கேளுங்கள், என்ன மருந்து, எவ்வளவு என்பதை வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள், அல்லது கிசான் கால் சென்டர் 1800-180-1551-க்கு அடியுங்கள். அது கட்டணமில்லாத எண், தமிழிலும் பேசுவார்கள்.

ஆனால் மருந்து டப்பாவைப் படிக்க ஏ.ஐ. நல்ல துணை. மடித்து ஒட்டியிருக்கும் தாளில் எறும்பு மாதிரி எழுத்து. அதைப் படம் எடுத்து, 'இதில் மக்காச்சோளத்துக்கு எவ்வளவு என்று போட்டிருக்கிறது, அடித்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், தமிழில் சொல்' என்று கேளுங்கள். இங்கே அது யோசித்துச் சொல்லவில்லை, எதிரில் இருப்பதைப் படித்துத்தான் சொல்கிறது. தப்பு குறைவு. அப்படியும் எண்ணை மட்டும் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டப்பாவில் உள்ள முக்கோணத்தின் நிறத்துக்கு எந்தச் செயலியும் வேண்டாம்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை.

மழை எப்போது?

2025 காரீப் பருவத்துக்கு ஏ.ஐ. வழியே கணித்த பருவமழைத் தொடக்கச் செய்தியை 13 மாநிலங்களில் சுமார் 3.8 கோடி விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பியது மத்திய வேளாண் அமைச்சகம். அதற்கும் முன்பே, 2016-ல், ஆந்திரத்தின் கர்னூல் மாவட்டத்தில் இக்ரிசாட்டும் மைக்ரோசாப்டும் சேர்ந்து 175 நிலக்கடலை விவசாயிகளுக்கு விதைப்புத் தேதியைச் சொல்லிப் பார்த்தன. சொன்னபடி ஜூன் கடைசி வாரம் வரை பொறுத்து விதைத்தவர்களுக்குச் சராசரியாக 30 சதவிகிதம் கூடுதல் மகசூல் என்று இக்ரிசாட் தெரிவித்தது. அவர்களுக்கு ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை, சாதா போனில் வந்த குறுஞ்செய்திதான்.

இதன் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம் இருக்கும். லப்பைக்குடிக்காடும், வெள்ளாற்றுக்கு அக்கரையில் இருக்கும் திட்டக்குடியும் அதற்கு ஒரே ஊர்! அக்கரையில் கொட்டுகிற மழை இக்கரையில் தூறல்கூடப் போடாமல் போவதை நாம் பார்த்திருக்கிறோம். 'இந்த வாரம் விதைக்கலாமா' என்ற கேள்விக்கு உதவும். 'இன்று சாயங்காலம் களத்தில் காயும் சோளத்தை மூடலாமா' என்பதற்கு வானத்தைப் பாருங்கள்.

தெலங்கானாவில், கம்மம் மாவட்டத்து மிளகாய் விவசாயிகள் 7,000 பேரிடம் 'சாகு பாகு' என்ற திட்டம் நடந்தது. வாட்ஸ்அப் வழி ஏ.ஐ. ஆலோசனை, மண் பரிசோதனை, தரம் பார்க்கும் கருவி, விற்பனை எல்லாம் சேர்த்து. ஏக்கர் மகசூல் 21 சதவிகிதம் கூடியது, பூச்சிமருந்துச் செலவு 9 சதவிகிதம் குறைந்தது என்று அறிக்கை வந்தது. 'ஏ.ஐ.யால் மகசூல் கூடியது' என்று தலைப்புப் போட்டுச் செய்தியாக்கினார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது மண் பரிசோதனையும், வாங்குகிறவர் முன்கூட்டியே இருந்ததும்தான். போனை மட்டும் வாங்கிவிட்டால் அது நடக்காது. ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் சேர்ந்து செய்தால் நடக்கும். நூறு பேருடைய அறுவடைத் தேதியை ஒரே அட்டவணையாக்கி வியாபாரிக்குக் காட்டுவது போன்ற வேலைக்கு ஒரு படித்த பிள்ளையும் ஒரு போனும் போதும்.

பி.எம். கிசான் பணம் ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு 'கிசான் இ-மித்ரா' என்ற அரசின் ஏ.ஐ. உதவியாளர் 2023 செப்டம்பரிலிருந்து இருக்கிறது; தமிழிலும் கேட்கலாம். அதிகாரப்பூர்வ பி.எம். கிசான் தளத்தில் மட்டும் திறங்கள். வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் பெயரில் ஏ.பி.கே. கோப்பு வந்தால் தொடவே வேண்டாம். தொட்டவர்கள் வங்கிக் கணக்கைப் பறிகொடுத்திருக்கிறார்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். ஆதார் எண், வங்கி எண், ஓ.டி.பி. மூன்றையும் எந்த ஏ.ஐ.யிடமும் சொல்லவோ படம் எடுத்துப் போடவோ கூடாது. மனு எழுதச் சொல்லும்போதுகூட அந்த இடத்தைக் காலியாக விட்டு, பிறகு பேனாவால் நிரப்புங்கள்.

லப்பைக்குடிக்காட்டு வாசகருக்கு: இந்த வாரம் வெங்காயக் கணக்கு ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். வந்த விடையையும், உங்கள் பட்டறையில் உண்மையில் குறைந்த எடையையும் எழுதி அனுப்பினால் கேள்வி-பதில் பகுதியில் வெளியிடுகிறோம். வெங்காயம் போடுகிற மற்றவர்களுக்கும் பயன்படும்.